நீலம்–பச்சை, பச்சை–நீலம்

ஜூன் 3

ஆய்வுக்கூடத்து அம்மையாருக்கு,

போனை எடுக்க மாட்டாய், தெரியும். பத்து மாதமாக அடித்து அடித்து அலுத்துவிட்டேன். ஆனால் இந்தப் பெட்டியைத் திறக்காமல் இருக்க உன்னால் முடியாது. உள்ளே பதினொரு ஸ்லைடுகள் இருக்கின்றன. ஸ்லைடைக் கண்டால் உன் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதத்தை மடித்து அவற்றின் மேலேயே வைத்தேன்.

கொசுக்காலம் தொடங்கிவிட்டது. மழை ஓயும்வரை செவ்வாய்தோறும் எங்கள் பென்குவின் ஒவ்வொன்றிடமும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஸ்லைடில் இழுத்து அனுப்புவேன். எந்தப் பறவைக்குக் கொசு மலேரியாவைக் கொடுத்திருக்கிறது என்று நீ மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல வேண்டும். வேறு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாமே என்று எங்கள் இயக்குநர் கேட்டார். பறவை ரத்தம் படிக்க உன்னைவிட்டால் ஆள் இல்லை என்றேன். கோபம் வேறு, வேலை வேறு.

கோபம் அப்படியேதான் இருக்கிறது. போன வருடம் 'சிவப்பு–மஞ்சள்: கிருமி இல்லை' என்று எழுதினாய். பதினோராம் நாள் அந்தப் பறவை செத்துக் கிடந்தது. அறுத்துப் பார்த்தால் ஈரல் முழுக்க மலேரியா. விசாரணையில் நான் சொன்னது அவ்வளவுதான். அதற்கு நீ, ஹாஸ்டலில் நான்கு வருடம் ஒரே அறையில் கிடந்தவள், இப்போது சொந்த அண்ணன் மனைவி என்றுகூடப் பார்க்காமல், 'ஸ்லைடு எடுக்கத் தெரியாதவரின் பேச்சு' என்று எழுதிக் கொடுத்தாய்.

போகட்டும். இந்த வருடம் இன்னொன்று செத்தால் மிச்சமுள்ள எல்லாவற்றையும் வேறு மிருகக்காட்சிசாலைக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவேன் என்கிறார் இயக்குநர். நான் விடமாட்டேன். ஒன்றும் சாகாது. நான் எடுக்கிறேன், நீ படி.

அண்ணி


ஜூன் 5

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

ஆம், 'அவர்கள்'தான். என் அண்ணனைக் கட்டிக்கொண்ட அன்று, "இனிமே டீ போட்டுக் கூப்பிட்டா கன்னம் பழுத்துடும், அண்ணின்னு சொல்லுடி" என்றீர்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னீர்கள். இப்போது அது வசதியாக இருக்கிறது.

பதினொரு ஸ்லைடுகளும் பார்த்தாயிற்று. பத்தில் ஒன்றும் இல்லை. நீலம்–பச்சையில் இருக்கிறது. ஆயிரம் சிவப்பணுவுக்கு இரண்டு. ஆரம்பம்தான். உடனே மாத்திரை தொடங்கினால் பிழைக்கும்.

உங்கள் பறவைக்காரர் பென்குவின்களின் செல்லப் பெயர்களை எழுதி உள்ளே வைத்திருக்கிறார். அவருக்கு என் நன்றி. எனக்கு அது தேவையில்லை. எட்டு வருடம் முன்பு நான் அச்சடித்துக் கொடுத்த லேபிளில் இரண்டு கட்டங்கள் உண்டு. இடது இறக்கை வளையத்தின் நிறம், வலது இறக்கை வளையத்தின் நிறம். அது போதும். பெயர் ஆளுக்கு ஆள் மாறும். நிறம் மாறாது.

போன வருடத்துக் கதைக்கு வருகிறேன். அந்தச் சிவப்பு–மஞ்சள் ஸ்லைடை மூன்று முறை பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. கிருமி இருந்தது மஞ்சள்–சிவப்பில். அதைச் சொன்னேன், நீங்கள் மருந்து கொடுத்தீர்கள், அந்தப் பறவை இன்றும் குளத்தில் நீந்துகிறது. இல்லாததை இருக்கிறது என்று எழுத எனக்கு வராது. இதை இன்னும் பத்து மாதம் கழித்துக் கேட்டாலும் இப்படியேதான் சொல்வேன்.

ஆய்வுக்கூடத்திலிருந்து


ஜூன் 10

நாத்தனார் அவர்களுக்கு,

கையெழுத்து உன் அண்ணனுடையது என்று பார்த்ததும் தெரிந்திருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். காரணத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று மாலையே மருந்து தொடங்கிவிட்டோம். சீட்டில் 'நீலம்–பச்சை' என்று எழுதிப் பறவைக்காரரிடம் கொடுத்தேன். நானாக இருந்தால் ரத்தம் எடுக்கிற மாதிரியே பறவையை மேசைமேல் நிறுத்தி நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு கொடுப்பேன். அவர் பாணி வேறு. முதுகுப்பக்கமாகப் போய்க் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாத்திரையைச் செவுளுக்குள் ஒளித்துவைத்த மீனை வாயில் தள்ளிவிடுவார். ஒரு மீன்கூடத் திரும்பி வருவதில்லை.

எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்பாய். பாதிப் பறவைகள் இறகு உதிர்த்துக்கொண்டு பட்டினி கிடக்கின்றன. வெறும் வயிற்றில் அந்த மாத்திரை தாங்காது. நோய் உள்ளதற்கு மட்டும்தான். குளத்து மோட்டார் அறை வாசலில் மாட்டிய பொறியில் நேற்று மட்டும் இருநூற்றுப் பதினான்கு கொசுக்கள். வலை மாட்ட நான்கு ஆட்களை நாளெல்லாம் ஏணியில் ஏற்றிவிட்டேன்.

இப்போது கட்டைவிரல். இன்று ரத்தமெல்லாம் எடுத்து லேபிள் ஒட்டி முடித்த பிறகு, மாத்திரை சாப்பிடும் நோயாளியை எடைபோடக் கொண்டுவரச் சொன்னேன். அதற்குப் பறவைக்காரர் வைத்திருக்கும் பெயர் பிடாரி. சும்மா வைக்கவில்லை. வலது கட்டைவிரலில் நான்கு தையல். வலியில் நான் குதிக்கிறேன், அவர் பூரித்துப்போய் நிற்கிறார்.

"பாத்தீங்களாம்மா, மருந்து என்னமா வேலை செய்யுது!"

"அந்தா மூலையில ஒண்ணு சோந்துபோய் நிக்குதே, அது யாரு?"

"அது சீமாட்டி. இறகு உதிருது, அதான் யார் மூஞ்சியிலயும் முழிக்காம நிக்குது."

அவருக்கு எல்லாம் முகம் பார்த்தாலே தெரியும். எனக்குக் கறுப்பு வெள்ளையில் பதினொன்றும் ஒன்றுபோலத்தான். வளையத்தை வைத்துத்தான் பிழைப்பு.

ஆக, நோயாளி பிரமாதமாக இருக்கிறது. உன் மைக்ராஸ்கோப்புக்கும் அது தெரியும் என்று நம்புகிறேன்.

அண்ணி

(தங்கச்சி, எனக்குக் கை வலிக்குது. போனை எடுத்துத் தொலையேன். – அண்ணன்)


ஜூன் 13

அண்ணி அவர்களுக்கு,

நீலம்–பச்சை: ஆயிரத்துக்கு ஆறு. நான்கு நாள் மருந்துக்குப் பிறகு இரண்டு ஆறாகியிருக்கிறது. உடனே குறையாமல் இருக்கலாம். மூன்று மடங்காக ஏறக் கூடாது.

இதற்கு எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான் உண்டு. மாத்திரை பறவையின் வயிற்றுக்குள் போகவில்லை. மீனோடு குளத்தில் கிடக்கிறதா என்று அடியில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து கொடுத்ததாகக் கையெழுத்துப் போடுவது வேறு, கொடுப்பது வேறு.

பறவை உற்சாகமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். இவ்வளவு கிருமியோடு ஒரு பென்குவின் யாரையும் கடித்துக் குதறாது. நீங்கள் பார்ப்பதும் நான் பார்ப்பதும் ஒத்துவரவில்லை. நான் பார்ப்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கட்டைவிரலுக்கு மஞ்சள் நிறத்தில் சீழ் வைத்தால் உடனே டாக்டரிடம் போகவும். மாட்டு ஊசியை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டாம். கல்லூரியில் ஒரு தடவை போட்டுக்கொண்டது போதும்.

ஆய்வுக்கூடத்திலிருந்து


ஜூன் 17

அம்மணிக்கு,

உன் கடிதத்தைப் பறவைக்காரரிடம் படித்துக் காட்டினேன். தப்பு செய்துவிட்டேன். மனிதர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

"இருபத்திரெண்டு வருசமா இந்த வேலை பாக்குறேன். நான் மீனைக் குளத்துல போட்டுட்டுக் கையெழுத்துப் போடுறேனாம்மா? அந்தம்மாவ வரச் சொல்லுங்க. அவங்க கண்ணு முன்னாடி கொடுக்கிறேன்."

இன்று காலை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மீன் போனது, மாத்திரை போனது, பறவை கொக்கரித்தது. நீலம்–பச்சைதானே என்று கேட்டேன். "இதோ பாருங்க, நீலம், பச்சை" என்று அவர் குனிந்து ஒவ்வொரு இறக்கையாகத் தொட்டுக் காட்டினார். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆகவே மருந்தில் குறையில்லை. குறை உன் பக்கம்தான். கண்ணைப் போய்க் காட்டு.

தையல் இன்னும் பிரிக்கவில்லை, இதையும் உன் அண்ணன்தான் எழுதுகிறார். ஊசி எனக்கு இரண்டு கைக்கும் பழகியது, எழுத்து பழகவில்லை. அதனால் ரத்தம் நான் எடுத்தேன். எடுக்க எடுக்கப் பறவையைத் தூக்கிக்கொண்டு போய் லேபிள் எழுதியவர் அவர். கையெழுத்துக் கோணல்மாணலாக இருக்கிறது என்று அதற்கும் ஒரு கடிதம் போடாதே.

சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. போன வருடமும் இப்படித்தான் எல்லாம் சரியாக நடந்தது. எல்லாம் சரியாக நடந்து ஒன்று செத்தது.

அண்ணி


ஜூன் 24

போன பெட்டிக்குப் பதிலே இல்லை. மழையில் கூரியர் எங்கோ மாட்டிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். இது இந்த வாரப் பெட்டி. தையல் பிரித்தாயிற்று, லேபிள் மறுபடி என் கையெழுத்துதான். இரண்டையும் பார்த்துச் சீக்கிரம் எழுது. இயக்குநர் தினமும் குளத்துப் பக்கம் வந்து எண்ணிவிட்டுப் போகிறார்.


ஜூன் 27

அடியே,

இதைக் கொண்டுவந்து கொடுக்கிறவர் உன் வீட்டுக்காரர். அவரை உள்ளே கூப்பிட்டு உபசரிக்காதே. முதலில் படி.

இரண்டு பெட்டியும் நேற்று ஒன்றாக வந்தன. அதனால்தான் கண்ணில் பட்டது. பதினேழாம் தேதி பெட்டியில் நீலம்–பச்சை சுத்தம், ஒன்றுமே இல்லை. பச்சை–நீலத்தில் ஆயிரத்துக்கு ஒன்பது. இருபத்திநாலாம் தேதி பெட்டியில் பச்சை–நீலம் சுத்தம். நீலம்–பச்சையில் பதினான்கு. கிருமி ஒரு வாரம் இந்தப் பறவையிலிருந்து அந்தப் பறவைக்குக் குடிபோய், மறுவாரம் பழைய வீட்டுக்கே திரும்பி வராது. அந்த ஒரு வாரத்தில் மாறியது ஒன்றே ஒன்றுதான். லேபிள் எழுதிய ஆள்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார், சமாதானம் பேச. செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை. "அண்ணா, அசையாம நில்லுங்க" என்று அவருடைய இடது கையில் நீல ரிப்பனையும் வலது கையில் பச்சை ரிப்பனையும் கட்டினேன்.

"சமாதானம் பேச வந்தவனைப் பென்குவினாக்கிட்டியே!"

"பேசாதீங்க. பென்குவின் பேசாது."

முன்னால் நின்று என் இடமிருந்து வலமாகப் படித்தேன். பச்சை, நீலம். அவர் முதுகுப்பக்கம் போய்ப் படித்தேன். நீலம், பச்சை. அண்ணன் நின்ற இடத்தில் நின்றார். பறவை மட்டும் மாறிவிட்டது.

நீ நேருக்கு நேர் நின்று ரத்தம் எடுத்து, உனக்கு இடப்பக்கம் தெரிவதை முதல் கட்டத்தில் எழுதுகிறாய். பறவைக்காரர் பின்னால் நின்று, பறவைக்கு எது இடதோ அதை முதலில் படிக்கிறார். நீ நீலம்–பச்சை என்று எழுதும் பறவை அவருக்குப் பச்சை–நீலம். நான் சொன்னதும் சரி, நீ சீட்டு எழுதியதும் சரி, அவர் ஊட்டியதும் சரி. மாத்திரை மட்டும் மூன்று வாரமாக ஆரோக்கியமான பறவைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. மற்றவற்றுக்கு இந்தக் குழப்பம் வராது. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அந்த இரண்டு நிறமும் ஒரே பறவையிடம்தான் இருக்கும்.

நோய் பிடாரிக்கு இல்லை. மூலையில் யார் முகத்திலும் விழிக்காமல் ஒன்று நிற்கிறது என்று எழுதினாயே, அந்தச் சீமாட்டிக்குத்தான் இருக்க வேண்டும். பதினான்கு என்றால் உன் கையில் நாலைந்து நாள்தான் இருக்கிறது.

நான்கு முறை போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. மழையில் உங்கள் அலுவலக லைனும் செத்துக் கிடக்கிறது. பறவைக் கூண்டுக்குள் போனைக் கொண்டுபோக மாட்டாய், தெரியும். அதனால் வந்தவரைச் சாப்பிடக்கூட விடாமல் அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்புகிறேன். நாலு மணி நேரத்தில் உன் கையில் இருக்கும்.

உன் மூளை இப்போது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். போன வருடத்தைப் பிறகு நினைக்கலாம். முதலில் மாத்திரை.

உன்னுடைய நான்


ஜூலை 1

அடியே,

ரிப்பன் கட்டிய கையோடு வந்து நின்றார். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்களாம். கழற்றினால் விளக்கம் மறந்துவிடும் என்று கழற்றவில்லையாம்.

சீமாட்டி நிற்கக்கூட முடியாமல் வயிற்றில் படுத்துக் கிடந்தாள். வாயில் வைத்த மீனைத் துப்பினாள். மாத்திரையைக் கரைத்துக் குழாய் வழியாக விட்டோம், மூன்று வேளை, நான்கு நாள். பறவைக்காரர் வீட்டுக்கே போகவில்லை. நேற்றுப் பகலில் ஒரு மீனைத் தானாக விழுங்கினாள். கால் மீன் என்றுதான் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டியில் அவளுடைய ஸ்லைடு முதலாவதாக இருக்கிறது. பிழைப்பாள். பிழைக்க வைப்பேன்.

இப்போது போன வருடம். செத்துப்போனவனுக்கு மாப்பிள்ளை என்று பெயராம். நடையிலும் முறுக்கிலும் அப்படியாம். பறவைக்காரரிடம் கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும். அவனை நேருக்கு நேர் நிறுத்தி ரத்தம் எடுத்து 'மஞ்சள்–சிவப்பு' என்று எழுதியவள் நான். நீ கிருமி இருக்கிறது என்றாய். மாத்திரை வாயாடி என்ற நல்ல பறவைக்குப் போனது. மாப்பிள்ளை செத்ததும் பறவைக்காரர் வளையங்களைக் கழற்றி உறையில் போட்டு, அவர் படிக்கிற மாதிரி 'சிவப்பு–மஞ்சள்' என்று எழுதிக் கொடுத்தார். நான் உன் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு–மஞ்சள், கிருமி இல்லை. உடனே உன்மேல் பாய்ந்தேன்.

நீ அவனுடைய நோயைப் பதினொரு நாள் முன்பே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாய். உன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே அவனைச் சாகவிட்டேன். பிறகு விசாரணையில் எழுந்து நின்று உன்னைக் குற்றம் சொன்னேன். என்னை மன்னித்துவிடு. இதை எப்படிச் சுற்றிச் சுற்றி எழுதினாலும் இதுதான் வருகிறது.

இயக்குநருக்கு இதையெல்லாம் எழுதி நாளை கொடுக்கப் போகிறேன். தவறு முழுக்க என்னுடையது என்று. வேலை போனால் போகட்டும்.

நான்


ஜூலை 5

அடியே,

சீமாட்டி: ஐந்து. பதினான்கிலிருந்து ஐந்து. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டேன்.

உன் விளக்கக் கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாளே இயக்குநருக்கு என்னிடமிருந்தும் ஒரு உறை போயிருக்கிறது. உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க மாட்டாய்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு லேபிள் கோப்பைத் தேடி எடுத்தேன். எட்டு வருடம் முன்பு மாதிரி லேபிளை உனக்கு அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா? நீ திருத்திய தாள் அதிலேயே இருக்கிறது. 'இடது' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறாய்: 'யாருடைய இடது? என்னுடையதா, பறவையுடையதா?'

அதற்குக் கீழே சிவப்பு மையில் என் பதில்: 'இடது எது என்று தெரியாத டாக்டருக்கெல்லாம் லேபிள் அடிக்க முடியாது. சோற்றுக்கைக்கு எதிர்க்கை. சந்தேகம் இருந்தால் உன் மாமியாரைக் கேள்.'

என் அம்மாவை இழுத்து ஜோக் அடித்திருக்கிறேன். நன்றாகச் சிரித்திருப்போம். அதற்குப் பிறகு நீ அதைக் கேட்கவே இல்லை. கேட்டவளைக் கேலி பண்ணி வாயை அடைத்தது நான்தான். நீ மறந்துவிட்டாய். நான் மறந்தது மட்டுமில்லை, 'நிறம் மாறாது' என்று உனக்கே பாடம் நடத்தினேன். அந்தத் தாளின் நகலைத்தான் இயக்குநருக்கு அனுப்பினேன். தவறு முழுக்க உன்னுடையது என்று நீ எழுதியதில் பாதி எனக்குச் சேர வேண்டும். விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மாப்பிள்ளையின் ஸ்லைடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பழைய லேபிளைக் கிழிக்கவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று ஒட்டி அவன் பெயரை எழுதினேன். பெயர் எழுதக் கூடாது என்று சட்டம் போட்டவளே முதலில் மீறினேன். இத்தோடு அனுப்புகிறேன். பார்க்க வேண்டும் என்று தோன்றினால் பார்.

உன்னுடைய நான்


ஜூலை 22

அடியே,

தினமும் போனில் பேசிவிட்டு எதற்கடி கடிதம் என்பாய். பெட்டி வெறுமையாகப் போனால் எனக்கு என்னவோபோல் இருக்கிறது.

மாப்பிள்ளையின் ஸ்லைடைப் பார்க்க இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். நேற்றுப் பார்த்தேன். உன்னைப் போல் எனக்குப் படிக்க வராது. வெகுநேரம் தேடிய பிறகு ஒன்று கிடைத்தது, சிவப்பணுவுக்குள் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு. இத்தனூண்டை நீ கண்டுபிடித்திருக்கிறாய். பறவைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. அழுதார். நானும்தான்.

பிறகு புது லேபிளைக் காட்டினேன். 'பறவையின் இடது, பறவையின் வலது, பெயர்' என்று நீ அச்சடித்து அனுப்பிய மூன்று கட்டங்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இதத்தானேம்மா ஆரம்பத்துலயே எழுதி வெச்சேன், பேரு. நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, பேரு வேணாம்னீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இவன் மாப்பிள்ளைன்னு சொல்லிருப்பேனே."

 இதற்கு ஒரு பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

இயக்குநர் நம் இரண்டு பேர் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாராம். குற்றத்துக்குச் சண்டை போடுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். எனக்கு எழுத்தில் கண்டனம் உண்டு. வாங்கிக்கொண்டேன், வாங்க வேண்டியதுதான். பறவைகள் எங்கும் போகவில்லை. பதினொன்றும் இங்கேதான்.

எழுத்து இன்றைக்கும் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். தாளைப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. இன்று காலை ரத்தம் எடுக்கும்போது சீமாட்டி கடித்துவிட்டாள், ஐந்து தையல். பிடாரியைவிட ஒன்று அதிகம்.

இடது கட்டைவிரல். என்னுடைய இடது.

நான்